டை கட்டிய சாமி

கண்ணுச்சாமி வீட்டில் அன்றைக்கு விடிந்தபோது மூன்று பேருமே விழித்துத்தான் கிடந்தார்கள். அய்யூப் சொல்லிவிட்டுப் போன சேதி அப்படிப்பட்டது. நல்ல சேதிதான். ஆனால் அந்த வீட்டுக்கு நல்ல சேதி வந்தாலும் ஒரு முள்ளோடுதான் வருகிறது.

நடுவில் ஓரிரு வாரம் விட்டுவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர் கண்ணுச்சாமி. போன வருஷம் பக்கவாதம் வந்து அவருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. டாக்டர் கையை விரித்தார். மனைவி செல்லக்கனி, புருஷன் பிழைத்தால் மகனை மூன்று வருஷம் சபரிமலைக்கு அனுப்புவதாக வேண்டிக்கொண்டாள். கண்ணுச்சாமி பிழைத்தார். பாதி வாயால் பேசினார், நாற்காலியில் உட்கார்ந்தார். மில்காரர்கள் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

மகன் வைகுண்டராஜ் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, போட்ட மனுவுக்கெல்லாம் பதிலைக் காத்துக் காத்து வயதைத் தொலைத்தவன். இப்போது இரண்டாம் வருஷ மாலை கழுத்தில் கிடக்கிறது. கார்த்திகையில் விட்ட தாடி மார்கழி பாதியில் கழுத்தை மறைக்கப் பார்க்கிறது.

அவன் சிநேகிதன் அய்யூப் மருந்துக் கம்பெனி ரெப். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு எல்லாம் அவன் லைன். அவனைத் திருச்சிக்கு மாற்றிவிட்டார்கள். அவன் இடம் காலி. இவன் மனுவை வாங்கிக்கொண்டு இன்று சாயங்காலம் மதுரைக்குப் பஸ் ஏறுகிறான். மனுவோடு போஸ்ட்கார்டு அளவில் ஒரு போட்டோ வேண்டும். முழுக்கைச் சட்டை, டை, மழுங்கச் சவரம் செய்த முகம். தை பிறந்தால் வைகுண்டராஜுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதைவிட்டால் அவனுக்கு வேறு வேலை இல்லை.

பழைய போட்டோ ஏதாவது கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்ததெல்லாம் மனுக்களோடு போய்விட்டது. எடுத்த ஸ்டுடியோவையும் மூடிவிட்டார்கள்.

எண்பத்தெட்டாம் வருஷக் காலண்டரில் சில தாள்களே மிச்சமிருந்த அந்தக் காலையில், அய்யூப் கொண்டுவந்த துணிகள் கட்டில்மேல் கிடந்தன. வெள்ளைச் சட்டை ஒன்று, வெளிர்நீலச் சட்டை ஒன்று, கறுப்பு பேன்ட், மெரூன் டை, பாலிஷ் போட்ட ஷூ.

"வெள்ளை வேண்டாம்" என்றாள் செல்லக்கனி. "மாலை போட்டவுக வெள்ளை உடுத்தக் கூடாது. சாமி நீலத்தப் போட்டுக்கிடட்டும்."

மாலை போட்ட நாளிலிருந்து பெற்ற மகனை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாமி சாப்பிட வாங்க, சாமி குளிச்சாச்சா என்றுதான் கேட்பாள்.

"நீலம் நல்லாத்தான் இருக்கும்மா" என்றான் அய்யூப். "பேன்ட்டும் கறுப்பு. ஐயப்பனுக்குத் தோதாத்தான் எடுத்துட்டு வந்திருக்கேன்."

"சட்டைய நீ போட்டுக் கழத்துனதுதானப்பா?"

"சலவைக்குப் போட்டு வந்ததும்மா. அதுக்கப்புறம் பிரியாணிக் கடைப் பக்கமே போகல."

அவள் சிரிக்கவில்லை. மஞ்சள் தண்ணீரைச் சட்டைமேல் தெளித்தாள். அய்யூப் தன் தலையையும் குனிந்து காட்டினான். அவன்மேலும் நாலு சொட்டு விழுந்தது. அப்போதுதான் அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

"ஷூ?"

"செருப்பே போடக் கூடாது, ஷூவா? போட்டோவுல கால் தெரியுமா?"

"தெரியாது. இடுப்புக்கு மேலதான்."

"அப்பொ வெறுங்கால்தான்."

மாலை? சட்டைக்குள் விட்டுக் காலர் பித்தானைப் போட்டு, மேலே டையை இறுக்கினால் தெரியாது. அதற்கும் சம்மதித்தாள். ராஜபாளையத்தில் எடுக்க வேண்டாம், கடைவீதியில் மாலை போட்ட யாராவது பார்த்தால் குருசாமி காதுக்குப் போய்விடும், ஸ்ரீவில்லிபுத்தூரில் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவளே சொன்னாள். அந்த வீட்டில் ஒவ்வொரு துணிக்கும் ஒரு வழக்கு நடந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சமரசம் பிறந்தது. கடைசியில் தாடி மட்டும் பாக்கி.

"தாடிதான் மேனேஜருக்கு ஆகாது" என்று அய்யூப் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "டாக்டர் முன்னால நிக்கிற ஆளு பளிச்சுனு இருக்கணும்பாரு. போட்டோவப் பார்த்துத்தான் இன்டர்வியூவுக்கே கூப்பிடுவாரு."

"அதுல மட்டும் கத்தி படக் கூடாது."

நாற்காலியிலிருந்து கண்ணுச்சாமி வலது கையைத் தூக்கினார். "செரைலே" என்றார். அவர் மட்டும் மகனைச் சாமி என்று கூப்பிடுவதில்லை. "எனக்கு... ஒண்ணும்... ஆவாது."

"ஒங்களுக்கு என்ன தெரியும்?" செல்லக்கனி திரும்பினாள். "ஆஸ்பத்திரில கெடந்தப்போ ஒங்களுக்கு நெனப்பு இருந்துச்சா? டாக்டரு, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்கன்னு சொன்னத நான்ல கேட்டுக்கிட்டு நின்னேன். சட்டைய விட்டேன், டைய விட்டேன். இதை விடமாட்டேன். சாமி என்ன சொல்லுது?"

வைகுண்டராஜுக்கு ஐயப்பன்மேல் நம்பிக்கை இருந்ததா என்று அவனுக்கே தெரியாது. அம்மா நம்புகிறாள் என்பது தெரியும். அப்பா உயிரோடு இருக்கிறார் என்பதும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் கைவைக்க அவனுக்குப் பயமாக இருந்தது. செல்லக்கனியை மூடநம்பிக்கைக்காரி என்று நீங்கள் ஏசலாம். என்னால் முடியவில்லை. அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

"தாடியோடயே எடுத்துட்டு வாரேம்மா" என்றான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் சுயம்புலிங்கத்தின் ஸ்டுடியோ. அய்யூப் வண்டியை நிறுத்தினான். வைகுண்டராஜ் உள்ளே நுழைந்ததுமே சுயம்புலிங்கம் டையைப் பார்த்தார்.

"சாமியும் அந்த மருந்துக் கம்பெனிக்கா?"

"எப்பிடித் தெரியும்?"

அவர் சுவரைக் காட்டினார். கம்பியில் வரிசையாகக் கிளிப் போட்டுப் படங்கள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் இளைஞர்கள். எல்லார் கழுத்திலும் ஸ்டுடியோவுக்குச் சொந்தமான, புள்ளி போட்ட அதே டை. முகங்கள் அத்தனையும் தேய்த்துக் கழுவிய வெண்கலப் பாத்திரம் மாதிரி பளபளத்தன.

"பேப்பர்ல விளம்பரம் வந்ததுலேருந்து இதேதான் பொழப்பு" என்றார் சுயம்புலிங்கம். "ஒருத்தன் வேர்வை காயறதுக்குள்ள அடுத்தவன் டையக் கட்டுறான்."

வைகுண்டராஜ் அய்யூப்பைப் பார்த்தான்.

"விளம்பரம் குடுத்தது எனக்குத் தெரியாது மாப்ளே" என்றான் அய்யூப். "சத்தியமாத் தெரியாது. நான் மேனேஜர்ட்ட ஒம் பேரத்தான் சொல்லி வச்சிருக்கேன்."

அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் அவன் குரலில் நேற்றிருந்த தெம்பு இல்லாததை வைகுண்டராஜ் கவனித்தான்.

கண்ணாடி முன்னால் நிறுத்தினார்கள். மேலே தாடியும் சந்தனப் பொட்டும். நடுவில் நீலச் சட்டையும் மெரூன் டையும். கீழே புழுதி படிந்த வெறுங்கால். அவனுக்கே சிரிப்பு வந்தது.

சுயம்புலிங்கம் கேமரா துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார். "எடுக்கச் சொன்னா எடுத்துருவேன் சாமி. ஆனா சொல்றத சொல்லணும்ல? மாறுவேசம் கட்டுன மாதிரி இருக்கு. அந்த வரிசையில இதக் கொண்டுபோயி வச்சா, மொதல்ல தூக்கி ஓரமாப் போடுறது இதாத்தான் இருக்கும்."

"என்னலே செய்யட்டும்?" என்று வைகுண்டராஜ் அய்யூப்பிடம் கேட்டான்.

"நான் வாயத் தொறக்க மாட்டேன். நாளைக்கு ஒங்கப்பாவுக்கு ஒண்ணுன்னா அம்மா முகத்துல நான் முழிக்க முடியாது. நான் ரெண்டு டாக்டரப் பார்த்துட்டு வாரேன். எதுவானாலும் சாயங்கால பஸ்ஸுக்கு முன்னால போட்டோ எங் கையில இருக்கணும்."

அய்யூப் போய்விட்டான். வைகுண்டராஜ் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு செத்த நேரம் நின்றான். பிறகு வெளியே இறங்கி நடந்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சலூன். ஒரு நாற்காலியில் யாரோ முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தார். இன்னொன்று காலி. உட்கார்ந்து சட்டைக் காலரைத் தளர்த்தினான். மாலை வெளியே தெரிந்தது. சலூன்காரர் கருத்தையா கத்தியைக் கையில் எடுத்தவர் அப்படியே கீழே வைத்தார்.

"சாமி, மாலையோட வந்து ஒக்காந்திருக்கீக?"

"எடுத்துருங்க."

"எடுக்க மாட்டேன் சாமி. பாவத்த எந் தலையில கட்டாதீக." சொல்லிவிட்டு அவன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தார். தூக்கமில்லாத கண், கலங்கிய முகம். அவர் குரல் தாழ்ந்தது. "வீட்ல துக்கமா?"

மாலை போட்டவன் மலை ஏறாமல் பாதியில் மாலையைக் கழற்றுவதென்றால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. வீட்டில் சாவு விழுந்து தீட்டாகிவிட வேண்டும். அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது. வைகுண்டராஜுக்கும் தெரியும். இல்லை என்று சொன்னால் அந்த ஊரில் எந்தச் சலூனிலும் அவனுக்குக் கத்தி எடுக்க மாட்டார்கள்.

அவன் தலையை ஆட்டினான்.

"யாரு சாமி?"

சித்தப்பா என்றோ, தூரத்துச் சொந்தம் என்றோ சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் புத்தி அவ்வளவு தூரம் ஓடவில்லை. காலையிலிருந்து மனசு முழுக்க இருந்தவர் ஒருவர்தான். அந்தப் பெயரே வாயில் வந்தது.

"அப்பா."

எனக்கு இதை எழுதவே கை வரவில்லை. ஆனால் அவன் சொன்னான்.

"அடப் பாவமே" என்றார் கருத்தையா. "எந்த ஊரு?"

"ராஜபாளையம். மில்லுல ஃபிட்டரா இருந்தாவ."

பக்கத்து நாற்காலியில் நுரைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் திறந்தன. வைகுண்டராஜ் அதைப் பார்க்கவில்லை. மாலையைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருந்தான். கருத்தையா அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். மிக மெதுவாக, வலிக்காமல் மழித்தார். முடிந்ததும் காசு வாங்க மறுத்துவிட்டார்.

"துக்க வீட்டுக் காசு எனக்கு வேண்டாம் தம்பி. போயி அம்மாவப் பார்த்துக்கிடுங்க."

சாமி என்ற சொல் போய்விட்டது. தம்பி ஆகிவிட்டான்.

போட்டோ நன்றாகவே வந்தது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. காது வரை வெளுத்த தாடையும் நேரான டையுமாக, அந்தக் கம்பியில் தொங்கியவர்களில் ஒருவனாக இருந்தான். ஈரம் முழுக்க உலருமுன் அய்யூப் ஒரு பிரதியை மனுவில் ஒட்டிக்கொண்டான். சிநேகிதனின் முகத்தைப் பார்த்தான், மாலை இல்லாத கழுத்தைப் பார்த்தான். "வாரேன் மாப்ளே" என்று மட்டும் சொல்லிவிட்டு மதுரை பஸ்ஸில் ஏறினான்.

ராஜபாளையத்தில் செல்லக்கனி அப்போது புருஷனுக்கு ரசஞ்சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். கையால் எடுத்துச் சாப்பிட்டால் பாதி மடியில் சிந்திவிடும் என்று அவள்தான் ஊட்டுவாள். தெருமுனையில் ஒரு பெண் குரல் உயர்ந்தது.

"என் அண்ணாச்சி! என்னையப் பெத்த அண்ணாச்சி! என்ன விட்டுட்டுப் போயிட்டியளே!"

யார் வீட்டிலோ சாவு போலிருக்கிறது என்று செல்லக்கனி எழுந்து பார்த்தாள். தலைவிரி கோலமாக மார்பில் அடித்துக்கொண்டு வந்தது கண்ணுச்சாமியின் தங்கை தங்கபாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். பின்னால் அவள் வீட்டுக்காரர், கையில் ரோஜா மாலை. இன்னும் நாலைந்து சொந்தக்காரர்கள். அவர்களைப் பார்த்துத் தெருவே திரண்டு வந்தது. யாரோ அதற்குள் டீக்கடை பெஞ்சைத் தூக்கி வந்து வாசலில் போட்டுவிட்டார்கள்.

தங்கபாய் வாசற்படி ஏறி உள்ளே பாய்ந்தாள். நாற்காலியில் வாயில் சோற்றோடு அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"யாரு... செத்தது?" என்று கேட்டார் கண்ணுச்சாமி.

தங்கபாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. அழுகையும் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன.

"எங்க எதிர்த்த வீட்டுக்காரரு சவரத்துக்குப் போயிருக்காரு மதினி. அங்க வச்சு வைகுண்டம் சொன்னானாம். மாலையக் கழத்தி, தாடிய எடுத்துக்கிட்டே சொன்னானாம். அப்பா தவறிட்டாவன்னு. பெத்த மகன் சொல்லும்போது நாங்க நம்பாம என்ன செய்ய?"

கண்ணுச்சாமிக்குக் காது நன்றாகவே கேட்கும். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், பிறகு பார்க்காமல் இருக்க முயன்றார்கள்.

செல்லக்கனி அழவில்லை. கத்தவும் இல்லை. கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்தாள்.

"ரசஞ்சாதம் ஆறுது. வாயத் தொறங்க" என்றாள்.

வைகுண்டராஜ் பஸ் இறங்கி நடந்து தெருமுனை திரும்பினான். தன் வீட்டு வாசலில் பெஞ்சு. வெள்ளை வேட்டிக்காரர்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள். படியில் செருப்புக் குவியல். பெஞ்சின்மேல் ஒரு ரோஜா மாலை.

அம்மா பயந்தது நடந்துவிட்டது. இல்லை, தானே சொல்லி நடத்திவிட்டோம். "அப்பா!" என்று அலறிக்கொண்டு ஓடினான். வாசலில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருவரும் அவனைத் தொடவில்லை.

உள்ளே கண்ணுச்சாமி அவனை நிமிர்ந்து பார்த்தார்.

வைகுண்டராஜ் அவர் காலடியில் விழுந்து, வாய்விட்டு அழுதான். அப்பா செத்திருந்தால்கூட அப்படி அழுதிருப்பானா என்று தெரியவில்லை.

"எந்த வாயால சொன்னே? படுபாவி, எந்த வாயால சொன்னே?" தங்கபாய் அவன் முதுகில் ஓங்கி அடித்தாள். அவள் வீட்டுக்காரர் பிடித்து இழுத்துப் போனார். வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்கள். ரோஜா மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் தங்கபாயின் வீட்டுக்காரர் அதைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

"இருங்க. காப்பி போடுதேன், எல்லாரும் குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுச் செல்லக்கனி அடுப்படிக்குள் போனாள். மகன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

கண்ணுச்சாமி வலது கையால் மகனின் தாடையைத் தொட்டுப் பார்த்தார்.

"போட்டோ?"

அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவர் அதை வெளிச்சத்துக்குத் திருப்பி நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாருக்குலே. ஆபீசரு... கணக்கா." பிறகு கேட்டார். "எம்புட்டு பேரு... மனு போட்டிருக்கான்?"

"நெறைய பேருப்பா. ஸ்டுடியோவே நெறஞ்சு கெடக்கு."

"கெடைக்குமா?"

ஒரே நாளில் இரண்டாவது பொய் சொல்ல அவனால் முடியவில்லை. "தோணலப்பா" என்றான்.

கண்ணுச்சாமி தலையாட்டினார். அவருக்குக் கோபம் இல்லை. மெஷினில் எந்த இடத்தில் பழுது என்று தேடிக் கண்டுபிடித்தவரைப் போல நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"மில்லுல இருக்கயில செத்தாத்தான்... மகனுக்கு வேலை. அன்னைக்கே நான்... போயிருந்தா... ஒன்னய உள்ள எடுத்திருப்பாவ. போட்டோ வேண்டாம்... டை வேண்டாம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒங்கம்மாதான்... வேண்டி வேண்டி... நிறுத்தி வச்சுட்டா."

"அப்பா, வேண்டாம்ப்பா. அடுப்படில அம்மா இருக்கா."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அடுப்படியில் இவ்வளவு நேரமாகக் கேட்ட டம்ளர் சத்தம் நின்றிருந்தது.

எழுந்து போய்ப் பார்த்தான். காப்பி பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. பின்வாசல் திறந்து கிடந்தது. செல்லக்கனியைக் காணோம்.